உயிரோடிருந்தவருக்குப் படைத்த இலை

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். நம் ஊர்ச் சுடுகாட்டில், சவுக்குத் தோப்புக்கு ஓரமாக நிற்கிற கருங்கல். படவு கவிழ்ந்து செத்தவர்களுக்காக வைத்த கல். ஆளாளுக்குக் கும்பிடுகிற கை போட்டீர்கள். ஒருவர் மட்டும், "கல்லின் நெற்றியில் ஒரு சாண் அகலத்துக்குக் கொத்தி எடுத்த மாதிரி இருக்கிறதே, அங்கே என்ன இருந்தது?" என்று கேட்டார். இடி விழுந்தது என்றார் ஒருவர். புயலில் மரம் சாய்ந்து பெயர்ந்தது என்றார் இன்னொருவர். பழவேற்காட்டுக்குப் போய் டச்சுக்காரன் கல்லறையைப் படம் பிடிக்கத் தெரிகிறது, நம் ஊர்க் கல்லின் கதை தெரியவில்லை உங்களுக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்போது நாமெல்லாம் பிள்ளைகள். பெரியவர்கள் நம்மிடம் எதை உள்ளபடி சொன்னார்கள்?

அந்த நெற்றியைக் கொத்த வைத்தவள் என் அம்மா. இத்தனை வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. இனிமேல் யாருக்குப் பயந்து மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

ஊர் உங்களுக்கு மறந்திருக்காது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவில் மணல்மேட்டில் நாம். அக்கரைக்குப் போகப் படவுதான். மூன்று படவும் ஒரே ஆளுக்குச் சொந்தம். அவரை ஊரே முதலாளி என்றது, நானும் அப்படியே சொல்கிறேன். பெயர் சொல்லி அவரை நினைவுபடுத்த எனக்கு மனமில்லை. அவர் சவுக்கு விறகை அக்கரைக்கு அனுப்புவார், அங்கிருந்து லாரியில் மெட்ராஸ் போகும். விறகுக் கட்டுகளின் மேலேயே கருவாட்டுக் கூடைகளோடு நம் சனங்கள் ஏறி உட்கார்ந்து சந்தைக்குப் போவார்கள். பெரிய படவுக்குத் தண்டல் என் நைனா. சுக்கான் பிடிப்பது, பாய் விரிப்பது, ஆட்களை ஏற்றி இறக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் வேட்டியில் படவுக்குப் பூசுகிற கீல் வாசனையும் ஈரச் சவுக்குப் பட்டையின் வாசனையும் கலந்து அடிக்கும். எத்தனை வெளுத்தாலும் போகாது.

ஓர் ஐப்பசிக் காலை. எனக்கு ஏழு வயது. அம்மா கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனாள், நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். எனக்கு நினைவிருப்பது நைனாவின் முதுகும், படவின் விளிம்புவரை ஏறி நின்ற தண்ணீரும்தான். பேச்சை முழுக்கக் கேட்டவள் அம்மா.

"மொகத்துவாரத்துல தண்ணி இழுக்குது மொதலாளி. காத்தும் திரும்பினு கீது. மத்தியானம் ஆவட்டும், போலாம்" என்று நைனா சொன்னார்.

"அக்கரைல லாரி நிக்குது. ஓட்ட முடியலன்னா சுக்கான வுட்டுட்டு எறங்கு. வேற ஆளு கீறான்" என்றார் முதலாளி.

நைனா இறங்கவில்லை. வேற ஆளு என்றால் அது பதினெட்டு வயசுப் பையன், முகத்துவாரம் அறியாதவன். மேலே உட்கார்ந்திருந்தவர்கள் நம் சனங்கள். அதனால் இறங்கவில்லை என்று அம்மா கடைசிவரை சொன்னாள்.

படவு முகத்துவாரத்தைத் தாண்டவில்லை. பதினோரு பேர் இரண்டு நாளில் பிணமாகக் கரை ஒதுங்கினார்கள். கஞ்சித் தூக்குகூட மூடி திறக்காமல் ஒதுங்கியது, உள்ளே கஞ்சி புளித்துப்போயிருந்தது. நைனா மட்டும் கிடைக்கவில்லை.

ஊர்க் கூட்டம் போட்டார்கள். வலை காய்கிற மைதானத்தில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். கூட்டத்தில் பொம்பளை பேசக் கூடாது, தெரியுமல்லவா. அம்மா வேலிக்கு வெளியே நின்றாள். முதலாளி எழுந்து, "தண்டல் குடிச்சிருந்தான். நான் வாணாம் வாணாம்னேன், கேக்கல. படவக் கவுத்துட்டு, பயந்துகினு நீந்திச் சூளூர்பேட்டை பக்கம் ஓடிட்டான். செத்தான்னா பாடி எங்க?" என்று கேட்டார். ஊர்த் தலைவர் தலையாட்டினார். பதினோரு வீட்டு ஆண்களும் அழுதுகொண்டே தலையாட்டினார்கள். அம்மா வேலிக்கு வெளியிலிருந்து, "பொய்யி" என்றாள். "பொம்பளய இட்டுகினு போங்கப்பா" என்றார் தலைவர். என் மாமா, அம்மாவுக்குத் தம்பி, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அதோடு முடிந்ததா? நைனாவுக்குக் கருமாதி செய்ய ஊர் விடவில்லை. உயிரோடு ஓடிப்போனவனுக்கு எப்படிச் செய்வது என்றார்கள். அம்மா நாலு வருஷம் தாலியோடு இருந்தாள். குளத்தில் தண்ணீர் மொள்ளப் போனால், "உன் ஊட்டுக்காரன் லெட்டர் போட்டானா?" என்று சிரித்தார்கள். உங்களில் சிலருடைய அம்மாக்களும்தான். என் முதுகுக்குப் பின்னால் "ஓடுகாலி மவ" என்று சொன்னவர்கள் இந்தக் குழுவிலேயே நான்கு பேர் உண்டு. யாரென்று எனக்குத் தெரியும். பேரன் பேத்தி எடுத்துவிட்டீர்கள், போகட்டும்.

முதலாளியின் மகள் அப்போது என் வகுப்பு. மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்காருவாள். நல்ல பெண். என் பலப்பம் தேய்ந்து நகக்கண் அளவு ஆனபோது புதுப் பலப்பம் ஒன்றை என் மடியில் போட்டாள். நான் அதை அவள் கண் எதிரிலேயே இரண்டாக உடைத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன். அவள் அழவில்லை, மறுநாள் இன்னொன்று கொண்டுவந்தாள். அதையும் உடைத்தேன். இப்போது அவளும் இதைப் படித்துக்கொண்டிருப்பாள். படிக்கட்டும்.

எனக்குப் பத்து வயதானபோது கல் வந்தது. அறுபதுகள் முடியப்போகிற நேரம். முதலாளிக்கு அக்கரை டச்சுக்காரன் கல்லறைமேல் ஒரு மோகம். அங்கே கிடக்கிற பெரிய பெரிய பலகைக் கல்லும், அதில் பெரிசு பெரிசாகச் செதுக்கின எழுத்தும் பார்த்துவிட்டு வந்து, "முந்நூறு வருஷமாச்சு, பேரு நிக்குது பார்யா" என்று எல்லாரிடமும் சொல்லுவார். செத்தவர்களுக்கு நம் ஊரிலும் கல் வைக்கிறேன் என்று கிளம்பினார். திருத்தணிப் பக்கத்திலிருந்து கல்தச்சரை வரவழைத்தார். ஒரு மாதம் தோப்பில் டங் டங் என்று உளிச் சத்தம். கல்தூள் பட்டுச் சவுக்கு ஊசியெல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஊரே முதலாளியை வாழ்த்தியது.

வேலை முடிந்த மறுநாள் பகலில் அம்மா என்னைத் தோப்புக்கு அழைத்துக்கொண்டு போனாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. "உங்க நைனா பேரு எங்க கீது, காட்டு" என்றாள். நான் மேலிருந்து விரலை வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். பதினோரு பெயர். மறுபடி கீழிருந்து மேலே படித்தேன். நைனா இல்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன், வெறும் கல்.

"இல்லம்மா."

"நல்லாப் பாரு."

"இல்லம்மா. பதினொண்ணுதான்."

"மேல தடியா எழுதிக்கீதே, அது யாரு?"

அது முதலாளியின் பெயர். டச்சுக்காரன் கல்லில் பார்த்த மாதிரியே நெற்றியில், மற்ற எழுத்தைப் போல மூன்று மடங்கு பெரிசாக. கோயில் டியூப்லைட்டில் உபயம் என்று பெயர் எழுதிக்கொள்வார்களே, அந்த ஆசை. ஆனால் 'உபயம்' என்ற சொல்லைக்கூடப் போடவில்லை. வெறும் பெயர். டச்சுக்காரன் கல்லில் பெரிய எழுத்தில் இருப்பது கல் வைத்தவன் பெயர் அல்ல, கீழே கிடப்பவன் பெயர் என்பது அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் படித்துச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. மற்றவர்களுக்குப் புதைத்த இடமாவது இருந்தது. நைனாவுக்கு அதுவும் இல்லை. கல்லில் பெயரும் இல்லையென்றால் நாங்கள் எங்கே போய் அழுவது?

படவு கவிழ்ந்த திதியன்று கல்லுக்கு முதல் படையல். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ஆளின் பெயருக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பூ சாத்தி, எதிரே வாழை இலை விரித்துச் செத்தவருக்குப் பிடித்ததைப் படைத்தார்கள். வடை, மீன் குழம்பு, சுருட்டு, ஒரு பாட்டிக்கு வெற்றிலைச் சருகு. கற்பூரப் புகையும் வஞ்சிரக் குழம்பும் கலந்த வாசனை. முதலாளி வெள்ளை வேட்டியும் ஜரிகைத் துண்டுமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மாவும் ஓர் இலை கொண்டுவந்திருந்தாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள், எந்தப் பெயருக்கு வைப்பாள் என்று. அவள் நேராகக் கல்லுக்குப் போய், எக்கி நின்று, நெற்றியில் இருந்த முதலாளியின் பெயருக்கு மஞ்சள் பூசினாள். குங்குமம் வைத்தாள். இலையை விரித்துச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். பிறகு தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி ஆரம்பித்தாள்.

"ஊருக்கே கல்லு வச்ச என் மொதலாளி
ஒனக்குமொரு கல்லாச்சே
மொகத்துவாரம் இழுக்குது மத்தியானம் ஆவட்டும்னு
மவராசன் சொன்னாரே
லாரி நிக்குதுன்னு என் மொதலாளி
தண்ணியில தள்ளுனியே"

ஒப்பாரி வைக்கிற பொம்பளையை நடுவில் நிறுத்தக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். நிறுத்தினவன் வீட்டுக்கு அடுத்த சாவு போகும் என்பார்கள். கூட்டத்தில் பேச விடாத ஆண்கள் அத்தனை பேரும் அங்கே வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். துறையில் நடந்த பேச்சு ஒரு வார்த்தை விடாமல் ஒப்பாரியில் வந்தது. விறகு எத்தனை வரிசை ஏறியது, யார் சுக்கானை விட்டுவிட்டு இறங்கச் சொன்னது, எல்லாம். முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இன்னா தலைவரே, நான் உயிரோட கீறேன், இவ இன்னா பண்றா?" என்றார்.

அம்மா பாட்டை முடித்து மூக்கைச் சிந்திவிட்டுத்தான் பதில் சொன்னாள். "சுடுகாட்டுக் கல்லுல பேரு கீது. செத்தவங்க பேருதான இருக்கும்? செத்த எம் புருஷன் பேரு இல்ல, உயிரோட கீறான்றீங்க. அப்ப பேரு இருக்கறவரு செத்துட்டாருன்னுதான அர்த்தம்."

தலைவர் முதலாளியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்.

அன்றைக்கு நான் வெட்கத்தில் குன்றிப்போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நம்பினேன். மாமாவும் அப்படித்தான் நினைத்தார். "பேஜாரு பண்ணாதக்கா, இந்த ஊர்ல நாம வாழணும்" என்று கெஞ்சினார், பிறகு அறைந்தார். அக்கரையில் மந்திரித்துக் கயிறு கட்டுகிற ஒரு பெரியவரிடம், பழவேற்காட்டு பாயிடம், எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு போனார். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்து ரெண்டே கேள்வி கேட்டுவிட்டு மாமாவிடம் சொன்னார், "இதுக்கு ஒண்ணும் ஆவல தம்பி. கோவம் கீது. கோவத்துக்குத் தாயத்து கெடையாது." மாமா அதையும் நம்பவில்லை. திரும்பி வரும்போது படவில் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நான் வாங்கிக்கொண்டிருக்கலாம்.

பிறகுதான் வேடிக்கை. ஒப்பாரி வைத்து இலை போட்ட ஆளின் படவில் யார் ஏறுவார்கள்? முதலில் பெண்கள் ஏறவில்லை. பிறகு விறகுக்கட்டு தூக்குகிறவர்கள் உடம்பு சரியில்லை என்றார்கள். கல்யாண வீட்டில் முதலாளியைத் தாம்பூலத் தட்டைத் தொடவிடாமல் நைசாக வேறு பக்கம் உட்கார வைத்தார்கள். அம்மா அடுத்த திதிக்கும் இலை போட்டாள், பாட்டு இன்னும் நீளமாக இருந்தது. அந்த வருஷம், கவிழ்ந்ததற்குப் பதிலாக வாங்கினதையும் சேர்த்து, மூன்று படவில் இரண்டு மணலில் ஏறிக் கிடந்து வெயிலில் பலகை வாய் பிளந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டதும் போய் அந்த வெடிப்பில் விரலை விட்டுப் பார்ப்பேன். ஆழமாக இருந்தால் சந்தோஷமாக இருக்கும்.

கடைசியில் ஒரு நாள் பகலில் முதலாளியே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எம் படவுல ஒருத்தனும் ஏற மாட்றான்மா. எம் பொண்டாட்டி தெனம் தாலியத் தொட்டுத் தொட்டுப் பாத்துகினு கீறா. எம் பேரக் கொத்தி எடுத்துடலாம்னா, படையல் வாங்குன பேர அழிக்கக் கூடாதுன்றாரு தலைவரு. படையல் போட்டவ சொன்னாதான் ஆவுமாம். நீ சொல்லும்மா."

அம்மா முறத்தில் இறால் உலர்த்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அன்னிக்குக் காலைல அவரு இன்னா சொன்னாரு, நீங்க இன்னா சொன்னீங்க, அத்தக் கூட்டத்துல சொல்லுங்க. அவரு பேரக் கல்லுல போடுங்க. அப்பறம் உங்க பேர எடுத்துக்குங்க."

அவர் குடையை விரித்தார். பிறகு, "சரி, வரேன்மா" என்றார்.

"சாவு ஊட்டுல சொல்லிகினு போவக் கூடாது மொதலாளி" என்றாள் அம்மா.

கூட்டத்தில் அவர் சொன்னதை வேலிக்கு வெளியே நின்று நானும் கேட்டேன். "தண்டல் கொஞ்ச நேரம் ஆவட்டும்னாரு. அவசரத்துல நானும் போவச் சொல்லிருப்பேன். குடிச்சிருந்தாருன்னு யாரோ சொன்னாங்க, நானும் சொல்லிட்டேன். ஓடிட்டாருன்னது தப்பு." சொல்லியிருப்பேனாம். யாரோ சொன்னார்களாம். தலைவர் உடனே, "சரி, முடிஞ்சுது" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். சுக்கானை விட்டுவிட்டு இறங்கு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவேயில்லை.

கல்தச்சர் திரும்ப வந்தார். நெற்றியைக் கொத்தி எடுத்தார். அந்த இடத்தில் நைனாவின் பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு அம்மா, "அந்த ஆளு பேரு இருந்த எடம் எங்களுக்கு வாணாம்" என்றாள். அதனால் பதினோரு பெயருக்கும் கீழே, அடியில், இடம் இருந்த மட்டும் சின்ன எழுத்தில் நைனா வந்தார். காற்று அடித்தால் மணல் மூடிவிடும். கையால் தள்ளினால்தான் தெரிவார்.

அன்றைக்கே அம்மா தாலியைக் கழற்றினாள். நைனாவுக்குக் கருமாதி நடந்தது. நாலு வருஷம் சண்டை போட்டு அவள் வாங்கினது இதுதான், விதவை என்று ஊர் ஒத்துக்கொண்டது. ராத்திரியெல்லாம் அழுவாள் என்று நினைத்தேன். சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினாள். அவளுக்கு அவ்வளவு போதும். எனக்குப் போதவில்லை.

அடுத்த திதியன்று அம்மா நைனாவுக்கு மட்டும் இலை போட்டாள். எல்லாரும் போன பிறகு நான் மத்தியானம் தனியாகத் தோப்புக்குப் போய், கொத்தி எடுத்த நெற்றிக்கு நேராக இன்னோர் இலை விரித்துச் சோறும் கருவாடும் வைத்தேன். அதற்கடுத்த வருஷமும் வைத்தேன். மூன்றாவது வருஷம் வைத்துவிட்டு நிமிர்ந்தால் முதலாளி நிற்கிறார், கைத்தடியோடு.

"யாருக்கு இந்த எல?"

"உங்களுக்கு."

"உங்கம்மா அனுப்பிச்சாளா?"

"அம்மாக்குத் தெர்யாது."

"பேரதான் எடுத்தாச்சேம்மா."

"எடம் கீதே."

அவர் இலையைப் பார்த்தார். "எத்தினி வருஷம் வைப்ப?"

"நீங்க சாவுற வரைக்கும்."

எனக்கு அப்போது பதினான்கு வயது. அவர் தடியை ஊன்றி மணலில் உட்கார முயன்று, முடியாமல், நின்றபடியே கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுப் போனார். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு மாமாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. நாங்களும் அவரோடு போய் சங்குச் சத்தத்துக்கும் புகைக்கும் நடுவே குடியிருந்தோம். திதிக்கு மட்டும் ரயிலேறிப் பொன்னேரி, அங்கிருந்து பஸ், பிறகு படவு. வருஷம் தவறாமல் இரண்டு இலை. எழுபதுகளின் கடைசியில் ஒரு திதிக்குப் போனபோது முதலாளி மாசியிலேயே செத்துவிட்டார் என்றார்கள். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் செத்து, அங்கேயே எரித்துவிட்டார்களாம்.

சொன்ன சொல்படி, கொண்டுபோயிருந்த இரண்டு இலையில் நைனாவுடையதை மட்டும் விரித்தேன். மணலைத் தள்ளிப் பெயருக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தபோது அவர் மகள் வந்தாள். கல்யாணமாகியிருந்தது. கையில் ஓர் இலை, தூக்குச் சட்டி. கல்லின் எதிரே வந்து நின்று மேலும் கீழும் பார்த்தாள். பதினோரு வீட்டாரும் தங்கள் தங்கள் பெயருக்கு முன்னால் குனிந்திருந்தார்கள், யாரும் நகரவில்லை.

அவள் என் பக்கத்தில் வந்து குனிந்து, "இந்தக் கல்லாண்ட ஒரு எல வைக்கச் சொல்லி அப்பா சாவும்போது சொன்னாரு. எங்க வைக்கட்டும்?" என்று கேட்டாள்.

"வச்சிக்கட்டுமே" என்றாள் எனக்குப் பின்னால் நின்ற அம்மா. "செத்தவருதான."

நான் நெற்றிக்கு நேராக, வழக்கமாக இலை விரிக்கிற இடத்தில் போய் நின்றுகொண்டேன்.

"உங்கப்பா பேரு இந்தக் கல்லுல இல்லியே" என்றேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. இலையை மடித்துத் தூக்குச் சட்டி மேல் வைத்து எடுத்துக்கொண்டு துறைப் பக்கம் நடந்தாள். நான் அவள் படவேறும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.